பவுடர் வாசனை எங்கிருந்து வருகிறது?

டால்கம் பவுடரின் மூலப்பொருளான டால்க் ஒரு கல். கனிமங்களிலேயே மிக மென்மையானது, நகத்தால் கீறிவிடலாம். அதற்கென்று சொல்லிக்கொள்ளும்படி மணம் ஏதும் கிடையாது. ஆனாலும் 'பவுடர் வாசனை' என்றதும், குட்டிக்கூரா டப்பாவைத் திறந்து பார்த்த எவருக்கும் மூக்கில் ஏதோ ஒன்று வந்து நிற்கிறது. அதே மணத்தைச் சென்டில் கொண்டுவருகிறார்கள் என்றால், எதைப் போட்டு?

ஐரோப்பாவில் 18ஆம் நூற்றாண்டுச் சீமான்கள் பொய்முடியின் மேல் மாவு தூவிக்கொள்வார்கள். மாவுக்கு மணமூட்ட ஐரிஸ் கிழங்கின் பொடியைக் கலந்தார்கள். பின்னால் முகப்பவுடருக்கும் அதுவே போனது. பவுடர் என்றால் இப்படித்தான் மணக்கும் என்று மூக்குகள் பழகியது அப்படித்தான்.

அந்தக் கிழங்கின் கதை விசித்திரமானது. இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரைச் சுற்றிய மலைச்சரிவுகளில் இதை வளர்க்கிறார்கள். நட்டு மூன்று ஆண்டுகள் போலக் காத்திருந்து தோண்டினால், வருவது வெறும் மண் வாடை. தோல் சீவிக் காயவைத்து, இன்னும் மூன்று நான்கு ஆண்டுகள் சும்மா கிடத்த வேண்டும். அதற்குள் கிழங்கில் உள்ள சில சேர்மங்கள் மெல்ல ஆக்சிஜனேற்றம் அடைந்து, 'ஐரோன்' என்ற மணப்பொருளாகின்றன. ஆயிரம் கிலோ காய்ந்த கிழங்கை நீராவியில் வடித்தால் கிடைப்பது சுமார் இரண்டு கிலோ, அதுவும் வெண்ணெய்போல உறைந்து. விலையைக் கேட்டால் தங்க வியாபாரியும் யோசிப்பார்.

இந்தச் செலவைத் தாண்டவைத்தது வேதியியல். 1893இல் ஜெர்மனியின் டீமனும் க்ரூகரும் ஐரோனைச் செய்யப்போய், அதன் நெருங்கிய உறவான அயோனோனைச் செய்தார்கள். ஐரோனை ஒத்த, வயலட் பூவின் மணம் கைக்கு வந்துவிட்டது. அதற்கு மூலமான சிட்ரால், எலுமிச்சைப் புல் எண்ணெயில் ஏராளம். கொச்சியிலிருந்து கப்பலேறிய கேரளத்து எண்ணெய் அந்தக் காலத்தில் உலகப் பிரசித்தம். அயோனோனுக்கு ஒரு குறும்புக் குணமும் உண்டு: முகர்ந்த சிறிது நேரத்தில் மூக்கு அதை உணராமல் போகும், கொஞ்சம் கழித்துத் திடீரென்று மறுபடி தெரியும். நாள் முழுக்கப் பூசியிருந்தாலும் சலிக்காததற்கு இந்தக் கண்ணாமூச்சியும் ஒரு காரணம் என்பது என் கட்சி.

இதோடு இனிப்புக்கு வெனிலின், பாதாம் சாயலுக்கு ஹீலியோட்ரோபின் சேரும். ஹீலியோட்ரோபினை நம் மிளகின் காரமான பைப்பரினிலிருந்தும் எடுக்கலாம்! அடியில் செயற்கை மஸ்க், அதாவது கஸ்தூரி மணம். 1888இல் பவுர் என்பவர் வெடிமருந்து ஆராய்ச்சியில் இருந்தபோது தற்செயலாகக் கிடைத்ததுதான் முதல் வெற்றிகரமான செயற்கை மஸ்க்.

மஸ்க் மூலக்கூறுகள் பெரியவை, ஆகவே மெதுவாகவே ஆவியாகும். எலுமிச்சை, ஆரஞ்சு மணங்கள் சித்திரை வெயிலில் பஸ் ஏறுவதற்குள் பறந்துவிடும். மஸ்க்குகளோ தோலை ஒட்டியே கிடக்கும். அலுவலகத்துக்கும் நெரிசலான ரயிலுக்கும் பவுடர் ரகச் சென்ட் பொருந்துவது இதனால்தான். பக்கத்தில் வந்தால் தெரியும், பத்தடி தள்ளி இருப்பவரைத் தொந்தரவு செய்யாது.

கடையில் அட்டைத் துண்டை முகர்ந்து முடிவு செய்ய வேண்டாம். மணிக்கட்டில் தடவி, ஒரு மணி நேரம் கழித்து முகருங்கள். சிலருக்குச் சில மஸ்க்குகள் பிறவியிலேயே தெரியாது. வாசனையே வரவில்லையே என்று மேலும் மேலும் அடித்துக்கொள்ளுமுன், வீட்டில் ஒருவரைக் கேட்டுவிடுவது நல்லது.