மறைந்திருந்து பார்!

திருக்காளத்தி மலையில் எழுந்தருளியுள்ள குடுமித்தேவரை ஆகம முறைப்படி நாள்தோறும் பூசித்து வந்தவர் சிவகோசரியார். ஒருநாள் காலை சந்நிதிக்கு வந்தவர் திடுக்கிட்டார். இறைவன் திருமுன் இறைச்சியும் எலும்பும் கிடந்தன. இந்த அநுசிதத்தைச் செய்தவர் எவரோ என்று பதறினார். இடத்தைத் தூய்மை செய்து பூசையை முடித்தார். மறுநாளும் அதே நிலை. இவ்வாறே நாட்கள் கழிந்தன.

அவருடைய பதற்றம் பக்தியில் பிறந்தது, அதில் குற்றமில்லை. ஆயினும் அவர் கண்டது இறைச்சியை மட்டுமே. அதைப் படைத்த திண்ணனாரைக் காணவில்லை. காணாத ஒருவர்மீது உள்ளம் தீர்ப்பு எழுதிவிட்டது!

சிவபெருமான் தம் அடியவரைக் கடிந்துகொள்ளவில்லை. கனவில் தோன்றி, அந்த வேடரின் அன்பை எடுத்துரைத்து, மறைந்திருந்து பார்க்குமாறு பணித்தார். ஆறாம் நாள், இறைவனின் வலக்கண்ணில் குருதி பெருகியது. திண்ணனார் தம் கண்ணை அம்பினால் பெயர்த்து அங்கே அப்பினார். அவரே கண்ணப்ப நாயனார் என்கிறது சேக்கிழார் பெருமானின் பெரியபுராணம்.

ஆலயத்தில் நாமும் பலரைக் காண்கிறோம். ஒருவர் நெற்றியில் திருநீறு இல்லை. ஒருவர் பதிகத்தைப் பிழையாகப் பாடுகிறார். ஒருவர் வரிசையில் முந்துகிறார். உடனே மனம் முகம் சுளிக்கிறது. அவர் எந்தத் துயரைச் சுமந்து வந்தார், எவ்வளவு அன்போடு வந்தார் என்பதை நாம் அறியோம்; அவன் அறிவான். அடுத்தமுறை மனம் தீர்ப்புச் சொல்ல முற்படும்போது, சிவகோசரியார் மறைந்து நின்ற அந்த இடத்தில் நாமும் சற்றுநேரம் நிற்போமாக.