தாட் என்பது என்ன?

இந்துஸ்தானி ஸங்கீதத்தைப் பற்றிப் பேச்சு வந்தால், நம் ரசிகர்கள் கேட்கும் முதற் கேள்வி, "நம் மேளகர்த்தாவுக்கு ஈடாக அங்கே இருப்பது எது?" என்பதுதான். 'தாட்' என்று விடை சொல்லுகிறோம். விடை சரியே; ஆயினும் அத்துடன் நிறுத்திக்கொண்டால் தவறான எண்ணம் ஒன்று மனத்தில் பதிந்துவிடும்.

சிதார் வாசிப்போர், வேண்டிய ஸ்வரங்களுக்கேற்பத் தண்டின்மீது மெட்டுகளை நகர்த்தி அமைப்பதுண்டு. அந்த அமைப்புக்குத் தாட் என்று பெயர். இச்சொல்லைக் கொண்டு வடநாட்டு ராகங்களை வகை செய்தவர் பண்டித விஷ்ணு நாராயண் பாத்கண்டே (1860-1936). பம்பாயில் வக்கீலாக இருந்தவர். ராகங்களைக் கணவன், மனைவி, மக்கள் என்று குடும்பமாகப் பிரித்த பழைய முறை, பாடப்படும் ஸ்வரங்களோடு ஒட்டவில்லை என்று கண்டார். 1904-ஆம் ஆண்டில் தென்னாடு வந்து, எட்டயபுரத்தில் சுப்பராம தீக்ஷிதரைச் சந்தித்தார். வேங்கடமகியின் 72 மேளத் திட்டம் அவருக்கு வழிகாட்டியது. ஆனால் அவர் எடுத்துக்கொண்டவை பத்தே: பிலாவல், கல்யாண், கமாஜ், பைரவ், பூர்வி, மார்வா, காபி, ஆஸாவரி, பைரவி, தோடி. ராகங்கள் வழங்கிப் பல தலைமுறைகள் கழிந்த பின்னரே அவற்றுக்குத் தாய் தேடிக் கொடுத்தார் என்று சொல்லலாம்.

தாட்டில் ஏழு ஸ்வரங்களும் வரிசையாக இருக்க வேண்டும். அதை யாரும் பாடுவதில்லை. மார்வா தாட்டை எடுத்துக்கொள்வோம். நம் கமனாச்ரம மேளத்தின் ஸ்வரங்களே அதற்கும். ஆனால் அத்தாட்டுக்குப் பெயர் தந்த மார்வா ராகத்தில் பஞ்சமமே கிடையாது! தாயிடம் உள்ளது, அவளுக்குப் பெயர் கொடுத்த மகளிடம் இல்லை. பூரியா, ஸோஹனி ஆகிய ராகங்களுக்கும் பஞ்சமம் நீங்கலான இதே ஆறு ஸ்வரங்கள்தாம்; நம் ஹம்ஸாநந்திக்கும் அவையே. பின் எவ்வாறு பிரித்தறிவது? மார்வாவில் ரிஷபமும் தைவதமும் ஓங்கி நிற்கும். ஷட்ஜத்தில் இளைப்பாற மனமில்லாததுபோல் ராகம் அலையும். பூரியாவில் காந்தாரமும் நிஷாதமும் முக்கியம். ஸஞ்சாரம் பெரும்பாலும் கீழ் ஸ்தாயியை நாடும். ஸோஹனியோ மேல் ஷட்ஜத்தைச் சுற்றியே துள்ளும். இவற்றில் எதையும் தாட் நமக்குச் சொல்வதில்லை.

இன்னும் வேடிக்கையான இடம் ஒன்றுண்டு. பூபாலி, தேஷ்கார் இரண்டுக்கும் நம் மோகனத்தின் ஐந்து ஸ்வரங்களே. (நம் பூபாளம் வேறு, பெயரைக் கண்டு மயங்க வேண்டாம்.) இரண்டிலும் மத்தியமம் இல்லை. கல்யாண் தாட்டையும் பிலாவல் தாட்டையும் பிரித்துக் காட்டுவதோ அந்த மத்தியமம் ஒன்றுதான். அப்படியிருந்தும் பூபாலியைக் கல்யாணிலும் தேஷ்காரைப் பிலாவலிலும் சேர்த்திருக்கிறார்கள். காந்தாரத்தில் ஊன்றி, முன்னிரவில் நிதானமாக நடப்பது பூபாலி. தைவதத்தில் ஊன்றி, காலை வேளையில் மேல் ஸ்வரங்களில் உலாவுவது தேஷ்கார். அந்த நடையைக் காதால் கேட்டறிந்த பிறகே, எது எந்தத் தாட்டைச் சேர்ந்தது என்று முடிவு செய்தார்கள்.