பதினெட்டாவது கிலோவில் ஒளிந்திருக்கும் பிழை

இரத்தினபுரிப் பக்கத்துத் தோட்டமொன்றில் பின்னேரம் கொழுந்து நிறுக்கிறார்கள். 18 கிலோ எடுத்தால் முழுப்பேர் (முழு நாள் சம்பளம்), குறைந்தால் அரைப்பேர் என்பது அந்தத் தோட்டத்துக் கணக்கு என்று வைத்துக்கொள்வோம். கணக்கப்பிள்ளையின் கொப்பி இருந்த இடத்தில் இப்போது ஒரு மென்பொருள். அது சரியாகப் பேர் போடுகிறதா என்று எப்படிப் பார்ப்பது?

10 கிலோ கொடுத்தால் அரைப்பேர் காட்டுகிறது. 25 கொடுத்தால் முழுப்பேர். எல்லாம் சரிபோலத் தெரியும். ஆனால் எழுதியவர் ‘18 அல்லது அதற்கு மேல்’ என்பதற்குப் பதிலாக ‘18க்கு மேல்’ என்று எழுதியிருந்தால்? 10இலும் 25இலும் அந்தத் தவறு வெளிப்படாது. சரியாக 18 கிலோ கொண்டுவந்தவருக்கு மட்டும் அரை நாள் சம்பளம் போய்விடும். அதனால்தான் சோதனையாளர் நேரே வேலியோரத்துக்குப் போகிறார்: 17.9, 18, 18.1. இதற்கு எல்லை மதிப்புச் சோதனை என்று பெயர். மூன்றே எண்கள் போதும். தவறு பெரும்பாலும் ஓரத்தில்தான் குடியிருக்கும்.

எல்லா எண்களையும் போட்டுப் பார்த்துவிட்டால் என்ன? எடுத்துக்காட்டுக்கு, பழைய தேசிய அடையாள அட்டை எண்ணில் 9 இலக்கங்கள், பின்னால் ஓர் எழுத்து. இலக்கங்களை மட்டும் எடுத்தாலே 100 கோடிச் சேர்க்கைகள். நொடிக்கு ஒன்றாக, உறங்காமல் சோதித்தாலும் 31 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். எதைச் சோதிக்காமல் விடலாம் என்று அறிந்து விடுவதில்தான் இந்தத் தொழிலின் நுட்பம் முழுவதும் இருக்கிறது.

அந்த அட்டை எண்ணே ஒரு புதையல். முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதனுடன் 500 கூட்டப்படும். 2016 முதல் வரும் 12 இலக்க எண்ணில் ஆண்டு முழுதாக இருக்கும். நாள் கணக்கு மட்டும் மாறவில்லை. அந்தக் கணக்குக்குள் ஒரு விசித்திரம்: எந்த ஆண்டாக இருந்தாலும் பெப்ரவரிக்கு 29 நாட்கள்! ஆகவே மார்ச் 1 எப்போதும் 61ஆவது நாள்தான். இதை அறியாமல் சாதாரண நாட்காட்டியை வைத்து நிரல் எழுதினால், 1995 மார்ச் 1 பிறந்த பெண்ணுக்கு மார்ச் 2 என்று காட்டும். அதற்குப் பிறகு அந்த ஆண்டில் பிறந்த எல்லோருக்கும் ஒரு நாள் தள்ளிப்போகும். ஜனவரியில் பிறந்தவரைக் கொண்டு சோதித்தவருக்கு இது கடைசிவரை தெரியவராது.

அடுத்தது பெயர். ‘பாலசுப்பிரமணியம்’ என்பதில் நம் கண்ணுக்குப் பத்து எழுத்துகள். கணினி எண்ணினால் பதினாறு! ‘பா’ என்பதை அது ‘ப’, துணைக்கால் என்று இரண்டாக வைத்திருக்கிறது. மெய்யெழுத்தின் புள்ளிக்கும் தனி இடம். சேமிக்கும்போது ஒவ்வொன்றுக்கும் பெரும்பாலும் மூன்று பைட், ஆக 48 பைட். பன்னிரண்டு இடம் தாராளம் என்று ஒருவர் பெட்டி வைத்தால், மனிதர் ‘பாலசுப்பிரமண’ என்று அரையில் நிற்பார். ஆங்கிலப் பெயர்களை மட்டும் போட்டுப் பார்த்த குழு இதைக் காணவே காணாது.

தேயிலைத் தொழிற்சாலையின் ருசி பார்க்கும் மேசைக்கும் மென்பொருள் சோதனைக்கும் நெருங்கிய உறவு உண்டு. ஐஎஸ்ஓ 3103 என்ற சர்வதேச முறைப்படி 100 மில்லிலீற்றர் கொதிநீருக்கு 2 கிராம் தேயிலை, ஊறும் நேரம் 6 நிமிடம். எல்லாக் கோப்பைக்கும் இதே அளவு. மற்றதெல்லாம் மாறாமல் நின்றால்தான் நாக்கில் தெரியும் வேறுபாடு தேயிலையுடையது என்று சொல்ல முடியும். மென்பொருளிலும் அதே ஒழுங்குதான். ஒரு பிழையைத் திருத்தினால் முன்பு சரியாக இருந்தவை கெடவில்லையா என்று பழைய சோதனைகளை அப்படியே திரும்ப ஓட்டுவார்கள், இது மீள்சோதனை. நூற்றுக்கணக்கில் வரும்போது அதை இயந்திரத்திடமே விடலாம். 2004இல் பிறந்த செலினியம் என்ற கருவி ஆளைப்போலவே பொத்தானை அழுத்தி, பெட்டிகளை நிரப்பிப் பார்க்கும். அது இலவசம்.

தர உறுதிப்பாடு சோதனையைவிடப் பெரிது. நிரலில் ஒரு வரி எழுதுவதற்கு முன்பே அது தொடங்குகிறது. மழை நாளில் ஈரக்கொழுந்துக்கு எவ்வளவு கழிப்பது? கூடையின் நிறை எங்கே போகிறது? கொழும்பில் குளிரறையில் இருப்பவருக்கு இந்தக் கேள்விகள் தோன்றுவது கடினம். லயத்தில் வளர்ந்த பிள்ளைக்கு இவை அம்மாவின் சம்பளச் சீட்டு. அந்த அறிவை யாரும் பாடமாகக் கற்பிப்பதில்லை. இந்தத் தொழிலில் அதற்கு நல்ல விலை இருக்கவேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வழியும் தூரத்தில் இல்லை. இரத்தினபுரி மாவட்டத்தில், பெலிஹுல்ஓயாவிலுள்ள சப்ரகமுவ பல்கலைக்கழகத்தில் கணினியியலுக்கென்றே ஒரு பீடம் இருக்கிறது. ஐஎஸ்டிகியூபி என்ற சர்வதேச மென்பொருள் சோதனை அமைப்பின் அடிப்படைப் பரீட்சையில் 40 கேள்விகள், 60 நிமிடம், சித்தியடைய 26 புள்ளிகள். தாய்மொழி அல்லாத மொழியில் எழுதுபவருக்கு 15 நிமிடம் கூடுதல். இந்த நாட்டு மென்பொருள் எவ்வளவு தூரம் போயிருக்கிறது தெரியுமா? 2009இல் இலங்கையின் மில்லேனியம்ஐடி நிறுவனத்தை லண்டன் பங்குச் சந்தை வாங்கியது. 2011 பெப்ரவரியில் தன் பங்கு வர்த்தகத்தையே அதன் மென்பொருளுக்கு மாற்றியது.

தொடக்கக்காரரின் கையில் முதலில் வருவது பிழை அறிக்கைதான். யார் படித்தாலும் அதே பிழையைத் தன் கணினியில் வரவழைக்கும்படி அது இருக்கவேண்டும். நம் மார்ச் மாதப் பெண்ணுக்காக ஒன்று எழுதினால் நான்கே வரி:

செய்தது: 95, அடுத்து 561 என்று தொடங்கும் அடையாள அட்டை எண்ணை இட்டேன்.
எதிர்பார்த்தது: 1995 மார்ச் 1, பெண்.
கிடைத்தது: 1995 மார்ச் 2, பெண்.
மீண்டும் வருகிறதா: ஒவ்வொரு முறையும்.