துளையோடு விளையும் மணி

முத்தோ, பவளமோ எதை மாலையாகக் கோப்பதானாலும் முதலில் துளையிட்டாக வேண்டும் அல்லவா? ஊசியும் நூலும் மட்டும் இருந்தால் போதும், துளை தயாராக இருக்கும் என்று சொல்லத்தக்க மணி ஒன்று உண்டு. அது புல்லில் விளைகிறது!

தமிழில் அதற்கு நெற்பவளம் என்று பெயர். காட்டுக்குந்துமணி என்பாரும் உண்டு. லின்னேயஸ் 1753-இல் வைத்த பெயரோ காய்க்ஸ் லாக்ரிமா-ஜோபி. விவிலியத்தில் துன்பத்துக்குமேல் துன்பம் அடைந்த யோபின் கண்ணீர்த்துளி என்பது அதன் பொருள். மணியைப் பார்த்தால் பெயர் பொருத்தம்தான் என்பீர்கள். ஒரு முனை பருத்து, மறுமுனை கூர்ந்து, வெண்சாம்பல் நிறத்தில் பளபளக்கும்.

துளையை யார் போட்டார்கள்? மணியின் ஓடு விதையின் தோல் அன்று, உருமாறிய இலையுறை. அதற்குள்ளே பெண் பூ ஒளிந்திருக்கிறது. ஆண் பூக்களைத் தாங்கும் காம்பு அந்த ஓட்டின் வழியாகவே மேலே நீண்டு வெளிவருகிறது. பெண் பூவின் சூல்முடிகளும் மேல்வாயில் எட்டிப் பார்க்கும். மகரந்தம் உதிர்ந்தபின் ஆண் பூங்கொத்து வாடி விழ, அது சென்ற வழி துளையாக நின்றுவிடுகிறது. அடிக்காம்பையும் பிடுங்கிவிட்டால் இருபுறமும் திறந்த மணி கிடைக்கும். மியான்மர், தாய்லாந்து நாடுகளில் வாழும் கரேன் மக்கள் இந்த மணிகளைத் தங்கள் மேற்சட்டையில் வைத்துத் தைக்கிறார்கள்.

இந்த மணி ஒரு மனிதரின் நற்பெயரையே கெடுத்திருக்கிறது. மா யுவான் என்ற சீனத் தளபதி இன்றைய வட வியட்நாமில் போர் முடித்து, கி.பி. 44-ஐ ஒட்டித் திரும்பினார். அங்கே தமக்கு உணவாகப் பயன்பட்ட இந்த விதையை ஊரில் பயிரிட எண்ணி ஒரு வண்டி நிறைய ஏற்றி வந்தார். அவர் 49-இல் இறந்ததும், வண்டியில் வந்தவை முத்துக்கள் என்று பகைவர்கள் பேரரசரிடம் கோள் சொன்னார்கள். அஞ்சிய குடும்பத்தார் குலக் கல்லறையில் அவரை அடக்கம் செய்யவும் துணியவில்லை. மெல்லிய ஓடுடைய உண்ணும் வகைக்குத் தாவரவியலார் அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள்: மா-யுவென். நம் நாட்டில் நாகாலாந்து, மேகாலயா மலைகளில் இந்த மென்மையான வகை தானியமாகப் பயிராகிறது. மாலைக்கு உரியதோ கல்போன்ற ஓடுடைய காட்டு வகை. அதைக் கடித்துப் பார்க்க வேண்டாம், பல் போய்விடும்!

நீங்களும் வளர்க்கலாம். சாயம் ஏற்றாத, வேகவைக்காத, பருப்பு உள்ளே இருக்கும் மணிகளாகத் தேர்ந்தெடுங்கள். ஒரு நாள் முழுதும் நீரில் ஊறவைத்து, மழைக்காலத் தொடக்கத்தில் 2 அல்லது 3 செ.மீ. ஆழத்தில் ஊன்றுங்கள். ஓடு கடினம் என்பதால் முளை வரச் சில வாரங்களும் ஆகலாம். பொறுமை இழந்து தோண்டிப் பார்க்காதீர்கள். செடிக்குச் செடி 30 செ.மீ. இடைவெளி விடுங்கள். தொட்டியானால் அகலமானதில் தொழுவுரம் கலந்த மண்ணை நிரப்புங்கள். நல்ல வெயில் வேண்டும். மண் ஒருபோதும் காயக்கூடாது. இது ஓடைக்கரைப் புல்.

இளஞ்செடியைப் பார்த்து மக்காச்சோளம் என்றே எண்ணிவிடுவீர்கள். இரண்டும் உறவுதான். இரண்டிலும் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி. மக்காச்சோளத்தில் ஆண் பூ உச்சியிலும் பெண் பூ இடுப்பிலுமாக விலகி நிற்கின்றன. இங்கே ஒரே காம்பில் அடுத்தடுத்து. செடி ஓர் ஆள் உயரம் வளர்ந்து, சில மாதங்களில் இலைக்கக்கங்களில் பூக்கும். அப்போது கைக்கண்ணாடியால் தினமும் பாருங்கள். ஒரே மணியில் சூல்முடி முதலில் வெளிவருகிறதா, மகரந்தப்பை முதலில் வெடிக்கிறதா என்று நோட்டில் குறித்து வையுங்கள்.

மணிகள் பச்சையிலிருந்து கறுத்துப் பிறகு வெளுக்கும். எல்லாம் ஒரே நாளில் முற்றுவதில்லை. முற்றியவை தாமே உதிர்ந்துவிடும். ஆகவே நிறம் மாறியவற்றை அவ்வப்போது பறித்துவிடுங்கள். மிஞ்சியதை வாய்க்காலிலோ குளக்கரையிலோ கொட்டாதீர்கள். ஈரம் கிடைத்தால் களையாகப் பரவிவிடும்.