பிரபல பாடகர் மகனைக் கடத்திய கும்பல்: காட்டிக் கொடுத்தவர் கூடப் பிறந்தவர்!

அமெரிக்காவின் பிரபல பாடகர் பிராங்க் சினாட்ராவின் மகனை ஒரு கும்பல் கடத்திச் சென்றது. போலீசார் வழிமறித்தும், கும்பல் நைசாகப் பேசி நழுவி விட்டது. அதைச் சிக்க வைத்ததில், போலீஸ் வேலைக்கே சம்பந்தம் இல்லாத சாதாரண ஆட்களுக்குப் பெரும் பங்கு உண்டு. 1963-ம் ஆண்டு அமெரிக்காவையே கலக்கிய அந்தக் கடத்தலின் விவரம் வருமாறு:-

பார்சல் நாடகம்

மகனின் பெயரும் பிராங்க் சினாட்ராதான். "ஜூனியர்" என்று அழைப்பார்கள். அப்போது வயது 19. அப்பா வழியில் அவரும் பாட ஆரம்பித்து இருந்தார். டாஹோ ஏரிப் பக்கம் ஒரு கேளிக்கை விடுதியில் கச்சேரி.

டிசம்பர் 8-ந் தேதி இரவு. அறையில் ஜூனியரும், அவருடைய இசைக்குழு நண்பரும் இருந்தனர். பார்சல் கொண்டு வந்திருப்பதாகச் சொல்லி 2 வாலிபர்கள் உள்ளே நுழைந்தனர். நண்பரைக் கட்டிப் போட்டார்கள். ஜூனியரின் கண்ணைக் கட்டி, காரில் தள்ளிக்கொண்டு பறந்தார்கள்.

வந்தவர்கள் பாரி கீனன், ஜோ ஆம்ஸ்லர். இருவருக்கும் வயது 23. கீனன், சினாட்ராவின் மகள் நான்சி படித்த அதே பள்ளியில் படித்தவன். பெரிய இடத்துப் பிள்ளையைத் தூக்கினால் பணம் கொட்டும் என்பது அவன் போட்ட கணக்கு!

கட்டை அவிழ்த்த நண்பர்

கட்டிப் போட்ட நண்பர் சும்மா கிடக்கவில்லை. கட்டை அவிழ்த்துக்கொண்டு ஓடி, தகவல் கொடுத்தார். உடனே சாலைகளில் போலீசார் உஷார் ஆனார்கள். கும்பலின் கார் சிக்கவும் செய்தது. ஆனால் ஏதோ கதை அளந்து தப்பி விட்டார்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் அருகே கனோகா பார்க்கில் ஒரு வீட்டில் ஜூனியரை அடைத்து வைத்தனர்.

கும்பல் கேட்ட தொகை 2 லட்சத்து 40 ஆயிரம் டாலர். பணத்தைக் கொடுத்து விட்டுப் பின் தொடரலாம் என்பது எப்.பி.ஐ. துப்பறியும் இலாகாவின் யோசனை. நோட்டுகளை எல்லாம் படம் பிடித்து வைத்துக்கொண்டு, 11-ந் தேதி அதிகாலை 2 பள்ளிக்கூட பஸ்களுக்கு நடுவே பணத்தை வைத்தார்கள்.

கார் டிக்கியில் வந்த மகன்

கும்பலில் 3-வது ஆள் ஜான் இர்வின். வயது 42. போனில் பேரம் பேசுவது இவன் வேலை. மற்ற இருவரும் பணம் எடுக்கப் போன நேரத்தில் இவனுக்கு உதறல் எடுத்து விட்டது. ஜூனியரை வெளியே விட்டு விட்டான்.

ஜூனியர் சில மைல் தூரம் நடந்தார். பெல் ஏர் பகுதியில் ஒரு தனியார் காவலாளி கண்ணில் பட்டார். பத்திரிகைக்காரர்கள் மொய்த்துக்கொண்டு இருந்ததால், அவரைக் காரின் டிக்கியில் படுக்க வைத்துத் தாயார் வீட்டில் சேர்த்தார்கள். மறுநாள் அப்பாவுக்குப் பிறந்த நாள்!

மனசு கேட்கவில்லை

மகன் வந்தாச்சு. ஆனால் ஆட்கள் யார்? ஜூனியர் இருவரைச் சரியாகப் பார்க்கவில்லை; மூன்றாவது ஆளின் குரலை மட்டுமே கேட்டிருந்தார். அந்தத் துப்பை வைத்தே போலீசார் அடைத்து வைத்த வீட்டைக் கண்டுபிடித்தனர்.

இதற்குள் இர்வினுக்கு மனசு கேட்கவில்லை. கூடப் பிறந்தவரிடம் எல்லாவற்றையும் கொட்டி விட்டான். ரத்த பாசம் ஒரு பக்கம், நியாயம் ஒரு பக்கம். அவர் நியாயத்தின் பக்கம் நின்றார். எப்.பி.ஐ. ஆபீசுக்குப் போன் செய்தார். சில மணி நேரத்தில் கும்பல் கூண்டோடு சிக்கியது. அநேகமாக முழுப் பணமும் திரும்பக் கிடைத்தது.

விளம்பரத்துக்காகவா?

கோர்ட்டில் எதிர்த்தரப்பு ஒரு குண்டு போட்டது. கடத்தலே விளம்பரத்துக்காக ஜூனியர் செய்த ஏற்பாடு என்றார்கள்! ஆனால் கீனனே எழுதி பாங்கி லாக்கரில் வைத்திருந்த வாக்குமூலக் கடிதம் கிடைத்தது. குட்டு உடைந்தது. மூவருக்கும் தண்டனை.

கீனன் 5 ஆண்டு முடிவதற்குள் வெளியே வந்து விட்டான். ஜூனியரை மட்டும் அந்தப் பழிச்சொல் விடாமல் துரத்தியது. 2016-ம் ஆண்டு 72 வயதில் அவர் காலமானார்.

கட்டை அவிழ்த்து ஓடிய நண்பர், காவலாளி, போன் செய்த சகோதரர். மூவருமே துப்பறியும் நிபுணர்கள் அல்ல. கண்டதையும் கேட்டதையும் மறைக்காமல் சொன்னார்கள். ஒரு பிள்ளை வீடு திரும்பியது, குற்றவாளிகள் சிக்கினார்கள்.