கணக்கில் வராத பையன்

"ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டா அடுத்த வாரமே டைவர்ஸ்தானேடா?" என்றான் பழைய ஆபீஸ் நண்பன். நான் வெறும் பி.காம்.! தெரிந்த வக்கீலிடம் அழைத்துப் போனேன்.

வக்கீல் சிரித்தார். இந்து திருமணச் சட்டப்படி, பரஸ்பர சம்மதம் என்றாலும் ஒரு வருஷமாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். மனுப் போட்ட பிறகு ஆறு மாசம் பொறுக்க வேண்டும். தகுந்த காரணமிருந்தால் இந்த ஆறு மாசத்தை மட்டும் கோர்ட் விலக்கலாம் என்று 2017-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது.

"பையனுக்கு நாலு வயசு. சம்பாதிக்கிறவன் நான்தானே சார்?"

"அஞ்சு வயசு முடியற வரைக்கும் பொதுவா அம்மாகிட்டதான். அப்புறமும் யார் சம்பளம் பெரிசுங்கிறது முக்கியமில்லை. பிள்ளைக்கு எது நல்லதோ அதைத்தான் கோர்ட் பார்க்கும். விவரம் தெரிஞ்ச வயசுன்னா, பிள்ளையையே ஜட்ஜ் கூப்பிட்டுக் கேட்பார். அம்மாகிட்ட இருந்தாலும், போய்ப் பார்க்க நீங்க அனுமதி கேட்கலாம்."

"அப்ப செலவு?"

"பையன் அங்கே இருந்தாலும் உங்க பொறுப்பு போகாது. ஜீவனாம்சம் கேட்டா, ரெண்டு பேருமே சொத்து, கடன், வருமானம் எல்லாத்தையும் பிரமாணப் பத்திரத்துல எழுதித் தரணும். 2020-ல வந்த சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு."

ஆகா, பாலன்ஸ் ஷீட்! எனக்குப் புரிந்த ஒரே விஷயம். ஆனால், அதில் எந்தப் பக்கத்திலும் பையனை எழுத முடியாது.

படி இறங்கும்போது நண்பன் மெதுவாகக் கேட்டான்: "ஞாயித்துக்கிழமை மட்டும் போய்ப் பார்த்தா, அவனுக்கு என்னை ஞாபகம் இருக்குமாடா?"

இதற்கு வக்கீலிடமும் செக்‌ஷன் இருக்காது.