சூரியன் சாயும்வரை

ஞாயிறு ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்த அக்கா மகள், டீ டம்ளரைக் கையில் வாங்கியதுமே கேட்டாள். "மாமா, நாட்டுல இவ்வளவு அநியாயம் நடக்குது. அதைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. 'ஆண்டவர் பார்த்துக்குவார், விசுவாசமா இருங்க'ன்னு சொல்லி முடிச்சிட்டாங்க. இது சமாளிப்பு இல்லையா?"

சமாளிப்பாகவும் இருக்கலாம். எதைப் பார்த்த கண்ணோடு ஒருவர் அதைச் சொல்கிறார் என்பதில் இருக்கிறது விஷயம். மகனைப் பறிகொடுத்த வீட்டில், வாசற்படி தாண்டுவதற்குள் "ஆண்டவர் சித்தம்" என்று சொல்லிவிட்டுப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தாயின் முகத்தையும் பார்த்திருக்கிறேன். அதை விசுவாசம் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் அந்தச் சொல்லுக்கு வேதத்தில் ஓர் ஊற்று இருக்கிறது. "அதுவரைக்கும் நடந்து போய்ப் பார்த்துட்டு வருவோம், உட்காரும்மா" என்றேன்.

நாகூமுக்கும் செப்பனியாவுக்கும் நடுவே ஆபகூக் இருக்கிறது. மூன்றே அதிகாரம், 56 வசனம். புத்தாண்டு வாக்குத்தத்த அட்டைகளில் அடிக்கடி தலைகாட்டும் புத்தகம்தான், ஆனால் அட்டையில் வராத வசனங்கள்தாம் அதில் அதிகம். அந்த மனிதரின் தகப்பன் பெயர் தெரியாது, ஊர் தெரியாது. மற்ற தீர்க்கதரிசிகள் பெரும்பாலும் கடவுளின் பேச்சை ஜனங்களிடம் கொண்டுவருகிறார்கள். இவர் ஜனங்களின் வழக்கைக் கடவுளிடம் கொண்டுபோகிறார். எடுத்த எடுப்பிலேயே முறையீடுதான்: எவ்வளவு காலம் கத்துவது, உமக்குக் காது கேட்கவில்லையா என்று.

காரணம் இல்லாமல் இல்லை. புத்தகம் எந்த ராஜாவையும் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. ஆனாலும் யூதாவின் யோயாக்கீம் ஆண்ட காலம் இது என்றே அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். நல்ல ராஜா என்று பேர் வாங்கிய யோசியா கி.மு. 609இல் மெகிதோவில் எகிப்தின் பார்வோன் நேகோ கையில் மாண்டுபோனார். அவருக்குப்பின் வந்த மகன் மூன்றே மாதம் ஆண்டான். அவனை இறக்கிவிட்டு நேகோ உட்காரவைத்த பொம்மைதான் யோயாக்கீம். எகிப்துக்குக் கப்பம் கட்ட ஜனங்களிடம் வரி பிடுங்கினான். அதே கையோடு, வேலைக்காரருக்குக் கூலி கொடுக்காமல் கேதுரு மரம் பதித்துச் சிவப்புச் சாயம் பூசி அரண்மனை கட்டினான். அவனை எதிர்த்துப் பேசிய உரியா என்ற தீர்க்கதரிசி எகிப்துக்கு ஓடினார். அங்கிருந்து பிடித்துவரச் சொல்லி வெட்டிப்போட்டான். எரேமியாவின் புத்தகச் சுருளை அவன் முன்னால் வாசித்தபோது குளிர்காலம், கணப்பு எரிந்துகொண்டிருந்தது. மூன்று நான்கு பத்தி வாசித்ததும் சூரிக்கத்தியால் அறுத்து நெருப்பில் போடுவான். அப்படியே முழுச் சுருளும் சாம்பலானது. ஆத்திரம்கூட இல்லாமல், நிதானமாக.

இப்படிப்பட்ட நாட்டில் சட்டம் என்ன ஆகும்? ஆபகூக் அதற்கு ஒரு வினைச்சொல் வைத்திருக்கிறார். யோசேப்பு உயிரோடிருக்கிறான் என்று கேட்டதும் கிழவர் யாக்கோபின் நெஞ்சு உறைந்துபோனதே, அங்கே வருகிற அதே எபிரேயச் சொல். நம் பேச்சில் சொன்னால், மரத்துப்போவது. சட்டம் செத்துப்போகவில்லை, அங்கேயேதான் இருக்கிறது. ரொம்ப நேரம் மடித்து உட்கார்ந்த கால் மாதிரி, கிள்ளினாலும் உறைக்காது.

கடவுள் பதில் சொல்கிறார். அந்தப் பதில் கேள்வியைவிடப் பயங்கரம். கல்தேயரை எழுப்புகிறேன், அவர்கள் வந்து தண்டிப்பார்கள் என்கிறார். கல்தேயர் என்றால் பாபிலோன். கி.மு. 605இல் கர்கேமிசில் எகிப்தின் படையை நொறுக்கிப்போட்டுத் தெற்கே இறங்கிய நேபுகாத்நேச்சாரின் கூட்டம். "ஆமா, இது நியாயமா?" என்றாள் அவள். ஆபகூக்கும் அதையேதான் கேட்டார். கெட்டவனைத் திருத்த அவனைவிடக் கெட்டவனா? மனிதரெல்லாம் நாதியற்ற மீன்களா, அவன் தூண்டிலிலும் வலையிலும் வாரிக்கொண்டு போக? அதோடு நிறுத்தவில்லை. அந்த வேட்டைக்காரன் வீட்டுக்குப் போய் வலையைத் தொங்கவிட்டு அதற்குச் சாம்பிராணி போடுகிறான் என்கிறார். சோறு போடுகிற கருவிக்கு நன்றியாகப் பொட்டு வைப்பது வேறு. இவன் மனிதரை வாரிய வலையைக் கும்பிடுகிறான். தன் பலமே தனக்குக் கடவுள் என்று ஆகிவிட்ட ஓர் அரசை இதைவிடக் கிட்டத்தில் காட்டிய எழுத்து எனக்குத் தெரியாது.

கேட்டுவிட்டு, காவல்கோபுரத்தில் ஏறி நின்று பதிலுக்குக் காத்திருக்கிறார். கோபித்துக்கொண்டு போகவில்லை பார்த்தாயா, என்றேன். முறையிட்டவரும் அவரே, காத்திருப்பவரும் அவரே.

வந்த பதிலில்தான் நாம் தேடிவந்த சொல் இருக்கிறது. தன் விசுவாசத்தினாலே நீதிமான் பிழைப்பான் என்பதே அது. பவுல் அதை ரோமருக்கும் கலாத்தியருக்கும் எழுதிய கடிதங்களில் எடுத்தாண்டார். லூத்தருக்கு அதுவே கதவு திறந்தது. மோசேயின் 613 கட்டளைகளைப் படிப்படியாகச் சுருக்கிக்கொண்டே வந்து, கடைசியில் ஆபகூக்கின் இந்த ஒற்றை வரியில் நிறுத்தலாம் என்று யூதர்களின் தல்மூதில் ஒரு பேச்சு உண்டு.

விசுவாசம் என்கிற அந்தச் சொல் எபிரேயத்தில் 'எமுனா'. ஆமென் என்கிறோமே, அதுவும் இதே வேர். இந்தச் சொல் வேதத்தில் முதலில் வருகிற இடத்தைப் பார்த்தால் விளங்கிவிடும். அமலேக்கியரோடு சண்டை. மோசே குன்றின்மேல் கையை உயர்த்தியிருந்தால் இஸ்ரவேலர் கை ஓங்குகிறது, தாழ்த்தினால் அமலேக்கியர் கை ஓங்குகிறது. கிழவருக்குக் கை கடுக்கிறது. ஒரு கல்லைக் கொண்டுவந்து போட்டு உட்காரவைக்கிறார்கள். ஆரோன் ஒரு பக்கம், ஊர் என்பவர் மறுபக்கம், ஆளுக்கொரு கையைத் தாங்கிப்பிடிக்கிறார்கள். சூரியன் சாயும்வரை கை அசையாமல் நின்றது. அந்த அசையாமைக்குத்தான் அங்கே 'எமுனா' என்று இருக்கிறது. நல்லதே நடக்கும் என்கிற எண்ணம் அல்ல அது. கடுக்கிற கை, கீழே இறங்காமல் நிற்பது. அதுவும் தன் பலத்தால் நிற்கவில்லை. கீழே சமவெளியில் யோசுவா வாளோடு நின்றிருந்ததையும் மறக்கக் கூடாது. ஒருவர் கை உயர்ந்திருந்ததால் இன்னொருவருக்கு வேலை இல்லாமல் போய்விடவில்லை. (அந்த மனிதருக்கு நம் வேதத்தில் 'ஊர்' என்று பெயர் அமைந்தது வெறும் ஒலிபெயர்ப்புதான். இருந்தாலும், கை ஓய்ந்தவரை ஊர் தாங்கிற்று என்று வாசிக்கும்போது தமிழ் தெரிந்தவனுக்கு நெஞ்சு ஒரு நிமிஷம் நின்றுபோகிறது.)

நம் தெருப் பேச்சு இதைச் சரியாகவே பிடித்து வைத்திருக்கிறது. "நாய் விசுவாசமுள்ளது" என்கிறோம். "இருபது வருஷமா விசுவாசமா இருந்தான்" என்கிறோம். அங்கே விசுவாசம் என்றால் விட்டுப்போகாமை. சபைக்குள் வந்த பிறகுதான் அந்தச் சொல், கேட்டது கிடைக்கும் என்ற உறுதியாகச் சிறுத்துப்போனது. வேலை கிடைக்கும், விசா கிடைக்கும், தேர்தல் நம் பக்கம் முடியும். கிடைக்காவிட்டால் உனக்கு விசுவாசம் போதவில்லை என்று துன்பப்பட்டவர் தலையிலேயே பழி. ஆபகூக்கின் விசுவாசம் தெருவில் புழங்குகிற விசுவாசம்தான்.

அது வாயை மூடவும் வைக்கவில்லை. அந்தச் சொல் வந்த அதே அதிகாரத்தில், அடுத்தடுத்து ஐந்து முறை 'ஐயோ' என்கிறார். கொள்ளையடித்துச் சேர்த்தவனுக்கு, உயரத்தில் கூடு கட்டித் தன்னை மட்டும் காத்துக்கொண்டவனுக்கு, இரத்தத்தின்மேல் நகரம் எழுப்பினவனுக்கு, அயலானைக் குடிக்கவைத்து அவமானப்படுத்துகிறவனுக்கு, மரத்தைப் பார்த்து எழுந்திரு என்கிறவனுக்கு. லீபனோனின் காட்டையும் அதன் மிருகங்களையும் அழித்த கணக்குகூட அதில் வருகிறது. கடவுளை நம்புகிறவர் தீமையைத் தீமை என்று சொல்லத் தயங்கவேண்டியதில்லை. நான் இன்னும் கடுமையாகச் சொல்வேன்: கடவுள் பார்த்துக்கொள்வார் என்று சொல்லிவிட்டு எதையும் பார்க்க மறுப்பவர், ஆபகூக்கைத் துணைக்கு அழைக்கக் கூடாது.

அவள் டீயைக் குடித்து முடித்திருந்தாள். "கடைசியில் என்ன ஆச்சு? பாபிலோன் வந்துச்சா?"

வந்தது. கி.மு. 597இல் முதலில் எருசலேம் பணிந்தது, ராஜாவையும் தேர்ந்த கைவினைஞரையும் கொண்டுபோனார்கள். 586 வாக்கில் ஆலயமே எரிந்தது. அந்தக் கடைசி நாட்களின் குரல் ஒன்று மண்ணுக்குள் கிடந்து 1935இல் வெளியே வந்தது. லாகீஸ் கோட்டை வாசலில், எரிந்த அடுக்குக்குள், உடைந்த பானை ஓடுகளில் மையால் எழுதிய கடிதங்கள். வெளிக்காவலில் நின்ற ஒருவன் தன் மேலதிகாரிக்கு எழுதியவை. ஒன்றில், லாகீசின் அடையாளத் தீக்காகக் காத்திருக்கிறோம், அசெக்காவைக் காண முடியவில்லை என்ற செய்தி இருக்கிறது. கடைசிவரை நின்ற அரணான பட்டணங்கள் என்று எரேமியா குறிப்பிடுகிற இரண்டும் இவைதாம். பாபிலோனும் விழுந்தது, கோரேசு ராஜாவின் கையில், கி.மு. 539இல். நடுவே ஏறக்குறைய 47 வருஷம். ஆபகூக் சொன்னது நடக்கும் என்று நம்பியிருந்தவர்களில் எத்தனையோ பேர் அந்நிய மண்ணில் கண்ணை மூடியிருப்பார்கள்.

அதனால்தான் அந்தக் கடைசி வசனங்களை நாம் கை தட்டிப் பாடும்போது எனக்குக் கொஞ்சம் நடுக்கம் வருகிறது. அதற்கு முந்தின வசனத்தில் அவருக்கு வயிறு கலங்குகிறது, உதடு நடுங்குகிறது, எலும்பு உளுத்துப்போனதுபோல் இருக்கிறது. பயம் போன பிறகு அவர் பாடவில்லை. பிறகு ஆறு இழப்புகளை எண்ணுகிறார்: அத்தி, திராட்சை, ஒலிவம், வயல், பட்டியில் ஆடு, தொழுவத்தில் மாடு. கவிதை அலங்காரம் இல்லை இது. படை வந்து சுற்றி உட்கார்ந்தால் வயலை அதுதான் தின்னும், மரத்தை வெட்டி மதிலுக்கு மண்மேடு எழுப்பும். ஒலிவத்தை வெட்டினால் மறுபடி காய்க்க வருஷக்கணக்காகும். அந்த எண்ணெய்தான் சாப்பாடு, அதுதான் விளக்கு. அரிசிப்பானை, எண்ணெய்ச்செம்பு, பால்மாடு, அடுத்த வருஷத்து விதை என்று ஒவ்வொன்றாக வெறுமையாவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே, அதன்பிறகும் தன் ஆண்டவரில் மகிழ்வேன் என்கிறார்.

"எடுத்துக் கடைசி வரியைப் படி" என்றேன். ஆராதனைக்குக் கொண்டுபோன வேதத்தைத் திருப்பி விரலை ஓட்டினாள். பாட்டு முடிந்தபின், பாடகர் தலைவனுக்கு ஒரு சின்னக் குறிப்பு: இது நரம்பு வாத்தியங்களுக்கு உரியது. மறுபடி படித்தாள். "அப்போ இதை ஆள் சேர்த்துப் பாடச் சொல்லியிருக்காரா மாமா?"

ஆமாம் என்றேன். அவள் மூன்றாம் அதிகாரத்தின் தொடக்கத்துக்குத் திருப்பினாள்.